பத்து ஆட்டத்தில் தீர்ப்பு எழுதலாமா?

"முதல் சில வாரங்களிலேயே ஒரு பேட்டரின் தரம் தெரிந்துவிடும்" என்ற பேஸ்பால் கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஏப்ரலில் இளம் பேட்டர் ஜாக்சன் ஹாலிடே அமெரிக்க மேஜர் லீகின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு வந்தபோது, நானும் என் நண்பரும் ஒரு ஆட்டம் முழுக்க இதே சண்டைதான் போட்டோம். 2022 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்ட பையன், வயது 20. முதல் 10 ஆட்டங்களில் 34 வாய்ப்புக்கு வெறும் 2 ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸைப் போய்ச் சேர்வது)! "அப்பா பேரில் வந்தவன்" என்றார் நண்பர். (அப்பா மேட் ஹாலிடேயும் பெரிய பேட்டர்தான்.) கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று திரும்ப வந்தான், அன்றைக்கே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது பந்தை வேலி தாண்டி அடித்து, ஒரே அடியில் நான்கு ரன் எடுப்பது). நண்பரிடமிருந்து சத்தமே இல்லை.

சரி, அதோடு எல்லாம் மாறிவிடவில்லை. அந்த சீசனை .189 சராசரியில்தான் (ஆயிரம் வாய்ப்புக்கு 189 ஹிட் என்ற கணக்கு) முடித்தான். ஆனால் பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆரன் ஜட்ஜ், மேஜர் லீகுக்கு வந்த 2016இல் எப்படி இருந்தார்? 84 வாய்ப்பில் 42 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது), சராசரி .179. அடுத்த வருடமே 52 ஹோம் ரன், அதாவது 52 முறை பந்தை வேலி தாண்டி அடித்தார்.

எல்லோரும் ஜட்ஜ் ஆகிவிட மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் இளம் பேட்டரிடம் நான் முதலில் ஹிட் கணக்கைப் பார்ப்பதில்லை. வெளியே போகிற பந்தை விட்டுவிடுகிறானா, மட்டையில் பட்டால் பந்து வேகமாகப் பறக்கிறதா, இவ்வளவுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?