90,000 டாலர் வாங்கியவனுக்கு என்ன குறை?

1969 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பேஸ்பால் கிளப்பிலிருந்து அதன் வீரர் கர்ட் ஃப்ளட்டுக்குப் போன் வந்தது. பேசியது முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை, அலுவலகத்தில் யாரோ ஒருவர். உங்களை ஃபிலடெல்ஃபியா கிளப்புக்கு மாற்றிவிட்டோம் என்றார், அவ்வளவுதான். 12 சீசன் அங்கே ஆடியவர் அவர். 1964, 1967 இரண்டு உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதித் தொடர்) வெற்றியிலும் பங்கு உண்டு. 1966 சீசன் முழுக்க சென்டர் ஃபீல்டில் பந்தைத் தடுத்துப் பிடிப்பதில் ஒரு பிழைகூடச் செய்யவில்லை.

அன்றைய ஒப்பந்தம் அப்படி. ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால், அவர்களாக விற்கும் வரை அல்லது விரட்டும் வரை நீங்கள் அவர்கள் சொத்து. வேறு கிளப்போடு பேசவே கூடாது. இஷ்டமில்லையா, ஆட்டத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஃப்ளட் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் போவி கியூனுக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல. கியூன் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்கு.

அவருடைய வருஷச் சம்பளம் 90,000 டாலர். உடனே எல்லோரும் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். ஃப்ளட் டிவியிலேயே பதில் சொன்னார்: நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான். அந்த வார்த்தை அதிகம் என்று எரிச்சல்பட்டவர்கள் அவர் கீழ்மட்ட மைனர் லீக்கில் ஆடிய நாட்களைப் பார்க்க வேண்டும். அவரே பின்னாளில் சொன்னது இது. தெற்கு மாநிலம் ஒன்றில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இடைவேளையில் எல்லோரும் உடுப்பைக் கழற்றிக் குவித்தார்கள். இவர் உடுப்பை மட்டும் ஒரு நீளக் குச்சியால் தள்ளியெடுத்து, கறுப்பர்களுக்கான சலவைக் கடைக்குத் தனியாக அனுப்பினார்கள். அது திரும்பி வரும் வரை பையன் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தான். தாமதமாக மைதானத்துக்கு ஓடி வந்தபோது கூட்டம் அவனைத்தான் கிண்டலடித்தது. இதைப் பார்த்த ஆளிடம் போய்ச் சம்பளத்தைக் காட்டி வாயை மூடு என்றால்?

ஆனால் எனக்கு ஆறாதது முதலாளிகள் விஷயம் இல்லை. அவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். வீரர்கள் சங்கம் வழக்குச் செலவை ஏற்க 25-0 என்று ஓட்டுப் போட்டது, நல்லது. நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட வந்து உட்காரவில்லை. நெருங்கிய நண்பர் பாப் கிப்ஸன்கூட இல்லை. சாட்சி சொல்ல வந்த ஜாக்கி ராபின்சன், ஹாங்க் கிரீன்பெர்க் எல்லாம் ஓய்வு பெற்றவர்கள். பயம் புரிகிறது, வேலை போய்விடும். இருந்தாலும் சும்மா வந்து பின்வரிசையில் அரை நாள் உட்கார்ந்திருக்கலாம்.

1972-இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு இருப்பது முரண்தான் என்று ஒப்புக்கொண்டு, அதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவிய தீர்ப்பு. நீதிபதி பிளாக்மன் அதன் தொடக்கத்தில் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை வேறு ரசித்து ரசித்து அடுக்கியிருக்கிறார்! உடன்பட்ட நீதிபதிகளில் இரண்டு பேரே அந்தப் பகுதியில் எங்கள் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

அதற்குள் ஃப்ளட் முடிந்து போயிருந்தார். 1970 முழுக்க ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டன் கிளப்புக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டு நாட்டை விட்டே போய்விட்டார். வீரர்களைக் கிளப்போடு கட்டிப்போட்ட அந்த ஒப்பந்தப் பூட்டு 1975-இல் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பில் உடைந்தது. பலன் அந்த வழக்கின் வீரர்களான மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி பெயரில் பதிவானது. 2024-இல் பேஸ்பால் நட்சத்திரம் ஹுவான் சோட்டோ தானே கிளப்பைத் தேர்ந்தெடுத்து 76.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டாரே, அது அந்த வழியில் வந்ததுதான். ஃப்ளட் 1997-இல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார், வயது 59.

பேஸ்பாலின் பெருமைக்குரியவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இதுவரை இடமில்லை. 1,861 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டியது), சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு க்ளவ் விருது 7 போதாதாம். ஆனால் அவருக்கு மறுப்புச் சொன்ன போவி கியூனை 2008-இல் சேர்த்துவிட்டார்கள். சரி, கியூன் எத்தனை ஹிட் அடித்தார்?