அந்தப் பையனிடம் இந்தியில் பேசியது யார்?

ஞாயிற்றுக்கிழமை நம் மும்பை தாராவியின் 90 அடி ரோட்டில் நடந்ததை எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. புது ஆல்பத்தைப் போட்டுக்கொண்டு காரில் போன பையனை நீங்கள் மறித்து, கூச்சல் என்று திட்டியது தப்பு. அது கூச்சல் இல்லை. நம் தாராவிப் பிள்ளைகள் தமிழில் பாடிய ராப். தண்ணீர்க் குழாயடியில் நிற்பதையும், வீட்டை இடித்துவிடுவார்களோ என்ற பயத்தையும் பாடுகிறார்கள்.

சத்தம் அதிகம்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள தெரு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கிக்குச் சட்டம் தடை போட்டிருப்பது இரவு 10 முதல் காலை 6 வரை. அப்போது மணி ஏழு. நம் கோயில் கொடைக்கு விடிய விடிய மேளம் அடித்தபோது யாருக்கும் காது வலிக்கவில்லையே, அண்ணாச்சி?

அமெரிக்காக்காரன் பாட்டு நமக்கு எதற்கு என்கிறீர்கள். 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸில், பள்ளிக்கூடம் திறக்கும் முன் உடுப்பு வாங்கக் காசு சேர்க்கவேண்டும் என்று தங்கச்சி வைத்த விருந்தில் அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ராப் பாட்டை வளர்த்த ஹிப் ஹாப் பிறந்த கதையாக அதைத்தான் சொல்வார்கள். கையில் காசில்லாத வீட்டுப் பாட்டு அது. நமக்கு அந்நியமா? 2018இல் 'காலா' படத்தில் தாராவி ராப் குழு டோப்அடெலிக்ஸ் பையன்களின் குரல் வந்தபோது தியேட்டரில் விசில் அடித்தது நீங்கள்தானே? திரையில் வந்தால் பெருமை, தெருவில் வந்தால் அசிங்கமா?

கெட்ட வார்த்தை வருகிறதாம். அதற்கெல்லாம் நான் பதில் சொல்லப் போவதில்லை.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் வேலை பார்த்தவர். 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களை விரட்டச் சொல்லிக் கோஷம் போட்டார்களே, அந்த நாட்களில் வேட்டி, லுங்கியோடு வாசல் தாண்டமாட்டார். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவேயில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரயிலில் "அப்பா, அங்க பாருங்க" என்று வாய் திறந்தால் போதும், என் கையை அழுத்துவார். சயான் ஸ்டேஷனில் இறங்கித் தெருமுனைக்கு வந்த பிறகுதான் தமிழ் பேசுவார், அதுவும் மெதுவாக.

அப்பா குரலைத் தாழ்த்தினார் என்றால் அன்று எதிரே நின்றவர்கள் வேறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை நின்றது நம் ஆட்கள். அந்தப் பையனின் தாத்தாவும் என் அப்பாவோடு தோல் வேலை பார்த்தவர், உங்களுக்கே தெரியும். அவன் "அண்ணாச்சி" என்று தமிழில்தான் ஆரம்பித்தான். நீங்கள் இந்தியில் அதட்டினீர்கள். கடைசியில் அவனும் இந்தியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான்.