நைட் ஹால்ட் இலக்கியம்

(இரவு பத்தரை. கடைசி டிரிப் முடிந்து ஊர்க்கோடி ஆலமரத்தடியில் பஸ் நிற்கிறது. முதல் டிரிப் காலை 4.50. அதுவரை பஸ்தான் வீடு, மூன்று பேர் சீட்தான் கட்டில். டிரைவருக்கு ரிட்டையர் ஆக நான்கு வருஷம் பாக்கி. கண்டக்டருக்கு ஒரு நாவல் பாக்கி.)

கண்டக்டர்: அண்ணே, பானட் மேல் ஒரு பேப்பர் சுருள் வைத்திருந்தேன். பார்த்தீர்களா?

டிரைவர்: டிக்கெட் மிஷினில் போடுகிற ரோலா? கறுப்பாக ஏதோ கிடந்தது. கரித்துணி என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கவே இல்லை தம்பி.

கண்டக்டர்: ஐயோ! அது என் சிறுகதை அண்ணே!

டிரைவர்: கதையா? தார் ரோடு மாதிரி இருந்ததே!

கண்டக்டர்: அந்தப் பேப்பர் சூடு பட்டால் கறுத்துவிடும். மிஷினே சூடு வைத்துத்தான் எழுத்தைப் பதிக்கிறது. நான் பேனாவால் எழுதியிருந்தேன். உங்கள் பானட் மொத்தத்தையும் பதித்துவிட்டது.

டிரைவர்: வழியெல்லாம் ஏற்றம். அதன் மேல் காலை வைத்தால் காலே கறுக்கும். ஒரு நோட்டு வாங்கி எழுதினால் என்ன?

கண்டக்டர்: நோட்டில் எழுதினால் செக்கர் ஏறியதும் என்ன எழுதுகிறாய் என்பார். ரோலில் எழுதினால் வேலை பார்க்கிற மாதிரியே இருக்கும். போன மாதம் டிக்கெட் கணக்கு எழுதுகிற வே-பில் ஓரத்தில் ‘அவள் கண்ணில் 2 துளி’ என்று குறித்து வைத்தேன். அந்த இரண்டையும் சேர்த்துக் கூட்டி, இரண்டு டிக்கெட் காசு குறைகிறது என்றுவிட்டார்கள்.

டிரைவர்: கட்டினாயா?

கண்டக்டர்: அவள் அழுததற்கு நான் நாற்பத்து நான்கு ரூபாய் கட்டினேன்.

டிரைவர்: காதல் என்றால் செலவுதான்.

கண்டக்டர்: இந்த வேலையில் இருந்துகொண்டு எழுதவே முடியாது அண்ணே. விட்டுத் தொலைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், வருஷத்துக்கு ஒரு நாவல்.

டிரைவர்: போன ஆடியில் பதினைந்து நாள் லீவு போட்டாயே, நாவல் எழுதப் போகிறேன் என்று. எத்தனை பக்கம் வந்தது?

கண்டக்டர்: தலைப்பு வைத்தேன்.

டிரைவர்: அப்புறம்?

கண்டக்டர்: தலைப்பை மாற்றினேன்.

டிரைவர்: மிச்ச நாள்?

கண்டக்டர்: வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று மேல்தொட்டியைக் கழுவச் சொன்னார்கள். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னார்கள். மச்சினன் வீட்டுக்கு வாஷிங் மிஷின் இறக்கப் போனேன். பன்னிரண்டாம் நாள் உண்மையிலேயே உட்கார்ந்தேன் அண்ணே. பேனா, பேப்பர், ஃபேன், டீ எல்லாம் இருந்தது. ஒரு வரி வரவில்லை.

டிரைவர்: தீபாவளி ஸ்பெஷல் ஓட்டினோமே, படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம்?

கண்டக்டர்: (தயங்கி) ஒன்றரைக் கதை.

டிரைவர்: அதுதான் பார்த்தேன். விசில் கொடுக்கச் சொன்னால் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் ஆளை இறக்கினோம்.

கண்டக்டர்: பெரிய எழுத்தாளர்களுக்கே இதுதான் நிலைமை. பிராக் நகரத்தில் காஃப்கா என்று ஒருத்தர். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு ஆபீஸில் வேலை.

டிரைவர்: விபத்துக் காப்பீடா? நமக்கு வேண்டியவர்தான்.

கண்டக்டர்: காலை 8 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை டூட்டி.

டிரைவர்: ரெண்டு மணிக்கே முடிந்துவிட்டதா? அப்புறம் என்ன குறை அவருக்கு?

கண்டக்டர்: நிறையக் குறை. அதைத்தான் எழுதினார். 1912 செப்டம்பரில் ஓர் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையை முடித்துத்தான் எழுந்தார்.

டிரைவர்: அது சரி, காலையில் டூட்டிக்குப் போனாரா?

கண்டக்டர்: லேசாக மயக்கம், கொஞ்சம் காய்ச்சல், பன்னிரண்டு மணிக்கு மேல் வருகிறேன் என்று மேலதிகாரிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்.

டிரைவர்: அன்றைக்கு அவர் எழுதிய இரண்டாவது கதை. நம் டெப்போவில் அந்தச் சீட்டை நீட்டிப் பார், ஆப்சென்ட்தான். நம் ஊர் ஆள் யாரும் இல்லையா?

கண்டக்டர்: அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் இருந்தார். பத்திரிகைகளைக் கத்தரித்து ஃபைலில் வைக்கிற வேலை. நாளெல்லாம் பேப்பர் கிழிக்கிறாரே, சும்மாதான் இருக்கிறார் போலிருக்கிறது என்று, தோன்றியவர்கள் எல்லாம் அவர் அறைக்குள் நுழைந்து பேசித் தீர்த்தார்கள். பிற்பாடு அந்த ஸ்டுடியோவைப் பற்றியே புத்தகம் எழுதிவிட்டார்.

டிரைவர்: (நிமிர்ந்து) அப்போது என்னையும் எழுதுவாயா?

கண்டக்டர்: கறுத்துப் போன கதையில் இருந்தீர்கள் அண்ணே.

டிரைவர்: எப்படி இருந்தேன்?

கண்டக்டர்: மீசை கொஞ்சம் பெரிதாக.

டிரைவர்: சே, கண்ணாடியைத் துடைத்திருக்க வேண்டாம்.

கண்டக்டர்: இங்கிலாந்தில் ஆந்தனி டிரோலப் என்று ஒரு தபால் இலாகா அதிகாரி. டூட்டி பார்த்துக்கொண்டே ஏறக்குறைய இருபது நாவல், வேலையை விட்ட பிறகு எழுதியதையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல். காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை.

டிரைவர்: அதானே, டைம் கீப்பர் இல்லாமல் எந்த வண்டி ஓடும்?

கண்டக்டர்: இலாகா வேலையாக ஊர் ஊராகப் போகும்போது ரயில் பெட்டியிலேயே பென்சிலால் எழுதுவார். அதை அவர் மனைவி நகல் எடுத்துக் கொடுப்பார். தெருவில் தபால் பெட்டி வைக்கலாம் என்று 1851-ல் ஜெர்சி தீவுக்கு யோசனை சொன்னதும் அவர்தான்.

டிரைவர்: நீ பெட்டியில் போட்டு, திரும்பி வந்ததே பதினொரு கதை, அதற்கும் அவர்தான் பொறுப்பா? ஆனால் தம்பி, நீ எழுதி ஜனங்கள் விழுந்து விழுந்து படிக்கிறது ஒன்று இருக்கிறது.

கண்டக்டர்: (ஆவலாக) எது அண்ணே?

டிரைவர்: டிக்கெட்டுக்குப் பின்னால் ‘பாக்கி 28’ என்று எழுதிக் கொடுக்கிறாயே, அது. இறங்குகிற வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள்.

கண்டக்டர்: கிண்டலா? என் கதையே அந்தப் பாக்கி பற்றித்தான்.

டிரைவர்: தெரியுமே. ஆறு டிரிப்பாகச் சொல்லியிருக்கிறாய். ஒரு பெரியவர் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, பாக்கி வாங்காமல் இறங்கிப் போய்விடுகிறார். கண்டக்டர் தினமும் அந்த ஸ்டாப்பில் அவரைத் தேடுகிறான். கடைசியில் பெரியவர் செத்துப்போனார் என்று கேள்விப்பட்டு, 28 ரூபாயைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு அழுகிறான்.

கண்டக்டர்: (குரல் கம்ம) எப்படி?

டிரைவர்: முடிவு தப்பு. இருபத்தெட்டு ரூபாயை விட்டுவிட்டு எந்தப் பெரியவர் சாவார்? மறுநாள் டெப்போ வாசலில் நிற்பார்.

கண்டக்டர்: அப்படியானால் ஏன் வாங்காமல் இறங்கினார்?

டிரைவர்: கொடுத்தது கிழித்து ஒட்டின நோட்டு. பாக்கி கேட்டால் நீ நோட்டைப் பிரித்துப் பார்ப்பாய். இவன் பாக்கி கொடுக்கத் தேடுகிறான், அவரோ, நோட்டைத் திருப்பித் தரத்தான் தேடுகிறான் என்று ஒளிகிறார். பஸ் வந்தால் பெட்டிக்கடைக்குப் பின்னால் போய்விடுகிறார்.

கண்டக்டர்: அண்ணே! இது எப்படித் தோன்றியது உங்களுக்கு?

டிரைவர்: தோன்றவில்லை. என் மாமனார்தான் அது. மூன்று வாரம் இந்த ரூட்டிலேயே ஏறவில்லை.

(கண்டக்டர் கேஷ் பையைத் துழாவிப் புது ரோல் ஒன்றை எடுக்கிறார்.)

கண்டக்டர்: பானட் ஆறிவிட்டதா?

டிரைவர்: ஆறிவிட்டது. இப்போது படு, மணி பதினொன்று.

கண்டக்டர்: நாலு மணிக்கு எழுப்பிவிடுங்கள் அண்ணே. வண்டி எடுப்பதற்குள் எழுதிவிடுகிறேன். டிரோலப்பைக்கூட ஒரு வேலையாள்தான் காபி கொண்டுவந்து எழுப்புவார். அதற்காக வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம்.

டிரைவர்: சரி, எனக்கும் அதே ரேட். ஐந்து பவுண்டு எடு.

கண்டக்டர்: சில்லறை இல்லையே அண்ணே.

டிரைவர்: டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடு.