கடைசியா எழுந்து, முதல்ல படு

(இரவு 11 மணி. கூடம். பாட்டுக் கேட்கும் செட் முழுக்க மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஸ்விட்ச் மேல் விரலை வைத்தபடி தம்பி நிற்கிறான். உள்ளறையிலிருந்து அக்கா பூனை நடையில் வருகிறாள். பேச்சு முழுக்கக் கிசுகிசுப்பு. சத்தம் ஏறும் இடத்தில் நானே சொல்கிறேன்.)

அக்கா: விரலை எடு.

தம்பி: ஆஃப் பண்ணிட்டுப் படுக்கலாம்னு...

அக்கா: எடுடா! இப்பதான் கண்ணை மூடினான். ஒண்ணேகால் மணி நேரம் தோள்ல போட்டுக்கிட்டு நடந்திருக்கேன். உன் ஸ்பீக்கர் ஒரு 'டம்' போட்டா மறுபடி முதல்லேர்ந்து நடக்கணும்.

தம்பி: வால்யூமை ஜீரோல வெச்சிருக்கேன்க்கா.

அக்கா: நேத்தும் ஜீரோதான். நீ அந்த ஸ்விட்ச் பக்கம் போனாலே உங்க அத்தான் குழந்தையோட ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உட்கார்ந்துடறார். 'டம்' கேட்டாதான் கையை எடுப்பார். இப்பவும் பொத்திக்கிட்டுதான் இருக்கார்.

தம்பி: நானும் சும்மா இல்லையே. தங்க முலாம் பூசின கேபிளா மாத்தினேன்.

அக்கா: மாத்தி?

தம்பி: 'டம்' முன்னைவிடத் தெளிவா கேக்குது.

அக்கா: (சத்தம் வராமல் தலையில் அடித்துக்கொள்கிறாள்) மத்தியானம் அவர் குழந்தையை வெளிய தூக்கிட்டுப் போனப்ப நானே உட்கார்ந்து பார்த்துட்டேன்.

தம்பி: என் ஆம்ப்பைத் தொட்டியா?

அக்கா: தூக்கம் போறது எனக்கு. நான் தொடாம? டார்ச் அடிச்சு வூஃபரை, அதான் அந்தப் பெரிய ஸ்பீக்கரைப் பார்த்துக்கிட்டே உன் ஸ்விட்சை அணைச்சேன். அந்தக் காகிதக் கோன் தவளைத் தொண்டை மாதிரி முன்னால உப்பிச்சு. உடனே திரும்பலை. அப்படியே ஒரு நொடி நின்னுட்டு, மெல்ல உள்ள போச்சு. மேல இருந்த தூசி பறந்தது. ஒரு வருஷத் தூசிடா.

தம்பி: அது டஸ்ட் கேப்க்கா, அதுல தூசி...

அக்கா: பேச்சை மாத்தாதே. பாட்டுக்குக் கோன் முன்னும் பின்னும் ஆடணும். இது ஒரே பக்கம் தள்ளிட்டு நிக்குதுன்னா உள்ள போறது பாட்டு இல்ல, டிசி, ஒரே பக்கமா ஓடற கரண்ட். யார் அனுப்பறாங்கன்னு கண்டுபிடிக்கணுமே. எல்லாத்தையும் அணைச்சிட்டு, வால்யூம் குமிழ் இருக்கற ப்ரீஆம்ப்லேர்ந்து, பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளற பவர் ஆம்ப்புக்குப் போற கேபிளைக் கழட்டினேன். ஒரு பழைய ஆர்சிஏ பின்ல, அதான் அந்த ஆடியோ கேபிள் நுனியில இருக்கற பிளக்ல, நடு முனையையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்து, அதை ஆம்ப்போட இன்புட்ல செருகினேன். இன்னொரு சேனலுக்கும் அதே மாதிரி.

தம்பி: ஷார்ட் பண்ணியா! ஆம்ப் போயிருக்கும்!

அக்கா: இன்புட்டைத்தான் பண்ணினேன். ஸ்பீக்கர் முனையைச் சேர்த்தாதான் ஆம்ப் போகும். அப்புறம் போட்டேன், அணைச்சேன். சின்னதா ஒரு 'புக்'. அவ்வளவுதான். உன் பவர் ஆம்ப் மேல குத்தமில்லை. அப்படியும் 'டம்'னு வந்திருந்தா மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில வெச்சுப் பார்த்திருப்பேன். சில பத்து மில்லிவோல்ட்னா விட்டுடலாம். வோல்ட் கணக்குல நின்னா உடனே அணைச்சிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடணும்.

தம்பி: அப்ப ப்ரீஆம்ப்தானா? பொறு, இப்பவே அந்தக் கேபிளை...

(பின்பக்கம் கை விடுகிறான். அக்கா கையில் ஒன்று போடுகிறாள். இந்த அடி மட்டும் சத்தமாக விழுகிறது.)

அக்கா: ஆன்ல இருக்கறப்ப கழட்டுவியா? ஆர்சிஏல வெளி வளையம் முதல்ல விட்டுடும், நடு ஊசி அப்புறம்தான் விடும். அந்த இடைவெளியில 'ர்ர்ர்ர்'னு ஒரு உறுமல் வரும். இதுக்கு உன் 'டம்'மே தேவலை.

தம்பி: சரி, வால்யூம் ஜீரோல இருந்தும் ஏன்?

அக்கா: அந்தக் குமிழ் ப்ரீஆம்ப்ல எங்க இருக்கு? நடுவுல. அதைத் தாண்டி வெளிய அனுப்பற பகுதி ஒண்ணு இருக்கு. கரண்ட் போறப்ப தடுமாறறது அதுதான். நீ வாசலைப் பூட்டிட்டு நிக்கற, திருடன் ஏற்கெனவே உள்ளதான் இருக்கான். நீயோ எல்லாத்துக்கும் ஒரே ஸ்விட்ச் வெச்சிருக்க. ப்ரீஆம்ப் உயிர் போறப்ப 'ஐயோ'ங்குது. பவர் ஆம்ப்ல சார்ஜைச் சேர்த்து வைக்கற அவ்வளவு பெரிய கெபாசிட்டர் இருக்கே, அதனால அது இன்னும் சாகலை. அந்த 'ஐயோ'வை 20 மடங்காக்கி ஊருக்கே சொல்லிட்டுதான் கண்ணை மூடுது. போடறப்பவும் இதே கதைதான். ப்ரீஆம்ப் நிதானத்துக்கு வர்றதுக்குள்ள ஆம்ப் காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது.

தம்பி: அப்ப என்னதான் பண்ண?

அக்கா: பவர் ஆம்ப் கடைசியா எழுந்து முதல்ல படுக்கணும். உனக்கு இதையெல்லாம் சொல்லித் தரணுமா?

தம்பி: (முறைக்கிறான்) ஆம்ப்புக்குத் தனி ஸ்விட்ச் இல்லையே.

அக்கா: பின்னாடி ஒண்ணு கறுப்பா இருக்கே?

தம்பி: அது ஸ்விட்சா? நான் ஏதோ டிசைன்னு...

அக்கா: வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?

தம்பி: அதை விடு. கரண்ட் கட் ஆனா எல்லாம் ஒண்ணாத்தானே போகும்?

அக்கா: போகும். அப்ப 'டம்' வரும். அதுக்கு ரிலே, அதான் தானா சேர்த்து வெட்டற ஸ்விட்ச், வெச்ச ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு போடணும். போட்டதும் சில நொடி காத்திருந்து 'டிக்'னு ஸ்பீக்கரைச் சேர்க்கும், கரண்ட் போனதும் வெட்டிவிடும். சில ஆம்ப்ல உள்ளயே இருக்கும், உன்னதுல இல்லை. மூடியை நீ திறக்காதே. பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தக் கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

தம்பி: சரி, இப்ப பின்னாடி அணைக்கவா?

அக்கா: வால்யூமைக் கொஞ்சூண்டு ஏத்து, பாட்டு மெல்ல ஓடட்டும். அப்பதான் தெரியும்.

(தம்பி மண்டியிட்டு, கையை வளைத்து, கறுப்பு ஸ்விட்சைத் தட்டுகிறான். பாட்டு நிற்கவில்லை. இரண்டு மூன்று நொடி அப்படியே ஓடுகிறது. பிறகு தொண்டை கட்டினாற்போல் கரகரத்து, தேய்ந்து அடங்குகிறது.)

தம்பி: ஆஃப் பண்ணியும் பாடுதே!

அக்கா: எல்லாம் மிச்ச சார்ஜ். இன்னும் அரை நிமிஷம் பொறு... இப்ப பாக்ஸ் ஸ்விட்சை அணை.

(அணைக்கிறான். ஒன்றுமில்லை. கடிகார முள் நகரும் சத்தம் கேட்கிறது.)

தம்பி: அக்கா... வரவே இல்லை!

அக்கா: கத்தாதே. போய்ப் படு.

(உள்ளே எட்டிப் பார்க்கிறாள். அப்படியே நிற்கிறாள்.)

தம்பி: என்னக்கா, முழிச்சிட்டானா?

அக்கா: அவன் தூங்கறான். அவர்தான் இன்னும் காதைப் பொத்திக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். 'டம்' வரலையே!