போஸ்டரில் வெள்ளைத் திட்டு விழுந்தால் அழகா, பழுதா?

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் சார்லஸ், ஹெர்பர்ட் என்ற அண்ணன் தம்பி 1879-இல் தொடங்கிய ‘ஹேட்ச் ஷோ பிரிண்ட்’ அச்சகம் இன்றும் மரக்கட்டையிலும் மர எழுத்திலும்தான் போஸ்டர் அடிக்கிறது. அந்தப் போஸ்டர்களைப் பார்த்ததும் பலர் சிலாகிப்பது, எழுத்துக்கு நடுவே மை பிடிக்காமல் விட்டுப்போன திட்டுகளை. ‘பழமையின் அழகாம்’! எனக்கு இதில் உடன்பாடில்லை.

சார்லஸின் மகன் வில் ஹேட்ச் 1920களிலிருந்து 1952-இல் இறக்கும்வரை கடையை நடத்தியவர், கட்டை செதுக்கியவர். அப்போது ரைமன் என்ற இசை அரங்குக்குப் பின்னால்தான் கடை இருந்தது. பாடகர்களின் முகங்களை இடவலம் மாற்றிச் செதுக்கினார். நிறத்துக்கு ஒரு கட்டை, வெளிர்நிறம் முதலில், கருப்பு கடைசியில். மேலே வெற்றிடம் விட்டு மொத்தமாக அடித்துவிட்டால், ஊரும் தேதியும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஊர் ஊராகப் போகும் குழுக்களுக்கு அதுதான் சிக்கனம். இது கலைக்கூடத்து வேலை இல்லை, டிக்கெட் விற்கிற வேலை. பத்தடி தள்ளி நிற்பவனுக்குப் பெயர் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

திட்டு ஏன் விழுகிறது? அமெரிக்க அச்செழுத்துக் கட்டையின் உயரம், அடியிலிருந்து மை படும் முகம்வரை, 0.918 அங்குலம். தேய்ந்த எழுத்து தலைமுடி அளவு தாழ்ந்தாலே ரோலர் சரியாகத் தொடாது. அதற்கு அடியில் மெல்லிய தாள் வைத்து உயர்த்துவார்கள். நடுவில் மட்டும் குழிந்திருந்தால், அழுத்தும் உருளையின் உறைக்கடியில் அந்த இடத்துக்கு மட்டும் கிழித்த தாளை ஒட்டுவார்கள். பொறுமை இல்லாதவர் செய்வது மையைக் கூட்டுவது. திட்டு அப்படியே இருக்கும், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடங்கள்தான் அடைந்துபோகும். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவினால் மரம் ஊதி வளையும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

1992-இல் கடை ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க இசைவகைக்கான அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. கட்டைகளைக் கண்ணாடிக்குள் பூட்டாமல் அச்சில் ஏற்றியே காப்பாற்றுவது என்ற கொள்கை எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டை தேயும், சரிதான். ஆனால் அடிக்காவிட்டால் தாள் ஒட்டிச் சரிசெய்கிற கை அல்லவா முதலில் போய்விடும்? உண்மையிலேயே தேய்ந்த கட்டையில், எல்லாம் செய்து பார்த்த பிறகும் விழுகிற திட்டை நான் குறை சொல்லமாட்டேன். கணினியில் வேண்டுமென்றே தூவுகிறார்களே, அதைத்தான் சகிக்கமுடியவில்லை.