ஊசி மருந்தை உறைய வைக்காதீர்கள்

காரைக்குடி வட்டாரத்து வாட்ஸப் குழுக்களில் ஓர் அறிவுரை சுற்றுகிறது: "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஊசியை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்து உறைய விடுங்கள். பல்லவன் ரயிலில் சென்னை போய்ச் சேரும்வரை குளிர்ச்சியாக இருக்கும்."

இது தவறு. நானும் மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் இந்த நோயோடு, இந்த ஊசியோடு வாழ்கிறவள் என்பதால் படித்ததும் பதறிப்போனேன். இந்த நோய்க்குப் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாடிராமர் போன்ற ஊசி மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் போதும். இன்டர்ஃபெரான் ஒரு புரதம். உறைந்தால் அதன் கட்டமைப்பு குலைந்து, திரண்டுவிடக்கூடும். உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகவே தெரியலாம், அதுதான் ஆபத்து. ஒருமுறை உறைந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

குளிர்பெட்டியில் ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்தாலும் உறையலாம். நடுவில் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள். பெட்டியை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். விமானப் பயணம் என்றால் மருந்துச் சீட்டோடு கைப்பையில்தான்.

சில மணி நேரம் குளிர் குறைந்தால் மருந்து வீணாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். கிளாடிராமரை 15 முதல் 30 டிகிரியில் ஒரு மாதம்வரை வைக்கலாம். மற்ற மருந்துகளுக்குக் கணக்கு வேறு. உறையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஆனால் நம் சித்திரை வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த குளுகுளு முகப்பும் குளிர்சாதனப் பெட்டி ஆகாது.

ஏற்கெனவே உறைய வைத்துவிட்டவர்கள் அதை ஒதுக்கிவிட்டு, இன்றே மருத்துவரிடம் மாற்று ஊசி கேளுங்கள்.