எங்க தெருவுக்கே சான்று கேட்டாங்க

“விக்கிபீடியாவை எல்லாம் நம்பாதீங்கண்ணா. எவன் வேணா அதுல எழுதலாம்.”

போன வாரம் ராயபுரம் கல்மண்டபம் டீக்கடையில் ஒரு காலேஜ் தம்பி சொன்னது. சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரி வரைக்கும் காதுலயே நின்னுச்சு. எவன் வேணா எழுதலாம்ங்கறது நூத்துக்கு நூறு உண்மை. பத்து வருஷமா நானே எழுதறேனே, இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. பொழுதன்னைக்கும் சரக்குப் பட்டியலும் கஸ்டம்ஸ் பேப்பரும்தான். தமிழ் எம்.ஏ. கிடையாது, வரலாறும் முறையா படிச்சதில்லை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் தமிழ் விக்கிப்பீடியாவில் உட்காருவேன். பைசா வராது. முதல் வருஷம் “அதுல என்னதான் வருது?”ன்னு வீட்டில் கேட்டாங்க. இப்ப கேக்கறதை நிறுத்திட்டாங்க, அது கோபமா பழக்கமான்னு எனக்குத் தெரியாது.

முதல்ல நான் அடிச்ச கூத்தைச் சொல்லிடறேன்.

எங்க தெரு முனையில் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு கல்தொட்டி இருக்கு. சரக்கு ஏத்திப் போற மாட்டு வண்டிங்க நின்னு, மாட்டுக்குத் தண்ணி காட்டின தொட்டி. இப்ப அதுல பூமாலையும் பால் கவரும்தான் கிடக்கும். எங்க தாத்தா அதைத் தட்டித் தட்டி ஒரு வருஷத்தைச் சொல்வார், “வெள்ளக்காரன் அந்த வருஷம் வச்சான்டா.” விக்கியில் எங்க ஏரியா கட்டுரையைப் பார்த்தேன், நாலே வரி. கை துறுதுறுன்னுச்சு. ‘தொகு’வை அழுத்தி தாத்தா சொன்ன வருஷத்தோட ஒரு வரி சேர்த்துட்டேன்.

மறுநாள் பார்த்தா அந்த வரியோட வால்ல சின்ன எழுத்தில் ‘சான்று தேவை’.

எனக்கு வந்துச்சே கோபம். எங்க தெருவுல இருக்கற தொட்டிக்கு எங்கிட்டயே சான்று! கட்டுரையைப் பத்தி விவாதிக்கற பேச்சுப் பக்கத்துக்குப் போய் எழுதினேன்: “நான் இந்தத் தெருவில் பிறந்தவன். நீங்க யாரு?” பதில் அன்னைக்கே வந்துச்சு. “வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. அச்சில் வெளிவந்த ஆதாரம் ஏதேனும் இருந்தால் இணைத்து விடுங்கள். இல்லையெனில் சில நாள் கழித்து வரியை நீக்க நேரிடும்.” கீழே கையெழுத்து, நேரம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இருக்கறது கனடாவில்னு பின்னாடி தெரிஞ்சது. ராயபுரம் பக்கம் காலே வச்சதில்லை. அந்த மரியாதைதான் எரிச்சலை இன்னும் ஏத்துச்சு. நம்ம ஊர்ல சண்டைன்னா சண்டை மாதிரி இருக்கணும்ல?

சில நாள்ல வரி போயிடுச்சு. நானும் முறைச்சுக்கிட்டு அந்தப் பக்கமே போகலை. ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாளிதழ் இணைப்பில் (பேர் வேணாம்) ‘வடசென்னையின் மறந்துபோன சுவடுகள்’ங்கற மாதிரி ஒரு தலைப்பில் அரைப்பக்கம். அதில் எங்க தொட்டி! அதே வருஷம். ‘வண்டி மாடுகளின் தாகம் தீர்த்த’ன்னு நான் எழுதின அதே வார்த்தை. வரி விக்கியில் இருந்த அந்தக் கொஞ்ச நாள்ல யாரோ எடுத்து வச்சிருக்காங்க. எனக்குப் பெருமை தாங்கலை. அதைவிட ஆனந்தம் அடுத்த வாரம்: வேறொரு பயனர் அதே வரியைத் திரும்பச் சேர்த்து, அந்த நாளிதழையே சான்றா காட்டியிருந்தார். கனடாக்காரர் இப்ப என்ன பண்ணுவார்?

அந்த ஆடிக்குக் கோயிலுக்குப் பெயிண்ட் அடிச்சாங்க. பழைய சுண்ணாம்பைச் சுரண்டறப்ப தொட்டியோட பக்கவாட்டையும் சேர்த்துச் சுரண்டியிருக்காங்க. உள்ளே எழுத்து. யாரோ ஒரு செட்டியார் தர்மமா வச்சதுன்னு தமிழிலேயே வெட்டியிருக்கு, கீழே வருஷம். தாத்தா சொன்னதுக்கு முப்பது வருஷம் பின்னாடி. வெள்ளக்காரன் எங்கேயும் இல்லை.

அந்தக் கல்லு முன்னாடி நான் நின்ன நிலைமையை நினைச்சுப் பாருங்க. தாத்தா வாய்த் தகவல் என் கையால விக்கிக்குப் போய், விக்கியிலிருந்து பேப்பருக்குப் போய், பேப்பர்லேருந்து ‘சான்று’ங்கற வேஷத்தோட விக்கிக்கே திரும்பி வந்திருக்கு. இந்த வட்டத்தோட ஆரம்பம் நான்தான்னு உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். செல்போன்ல கல்லைப் படம் எடுத்தேன், விக்கிக்குப் படம் சேர்த்து வைக்கற பொதுவகத்தில் ஏத்தினேன், பேச்சுப் பக்கத்தில் நடந்ததை ஒளிக்காம எழுதினேன். வரியை நானே திருத்தினேன். கனடாக்காரர் ஒரே வார்த்தை போட்டார்: “அருமை.” அன்னையிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

டீக்கடைத் தம்பிக்கு இதைத்தான் சொல்லியிருக்கணும். எவன் வேணா எழுதலாம், ஆனா எழுதினது எல்லாம் வரலாற்றுப் பக்கத்தில் நிக்கும். எந்தப் பயனர், எத்தனை மணிக்கு, எந்தக் கமாவை எடுத்தார்னு இருக்கும். பழைய வடிவத்தையும் புது வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்க்கலாம். ஒருத்தன் குடிச்சுட்டு வந்து கெட்ட வார்த்தை எழுதினா, அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வச்சிருக்கற யாரோ ஒரு அழுத்தில் பழைய நிலைக்குக் கொண்டு வந்துடுவாங்க. அதுக்காக எல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்ல வரலை. எங்க தொட்டி வருஷம் தப்பா நின்ன கதையை இப்பதானே சொன்னேன். யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில் தப்பு சுகமா குடியிருக்கும். ஆனா அது யார் போட்ட தப்பு, என்னைக்குப் போட்டது, எதை வச்சுத் திருத்தினதுன்னு கடைசி வரைக்கும் பார்க்கலாம். நாளிதழ் அந்த அரைப்பக்கத்துக்கு இன்னைக்கு வரைக்கும் திருத்தம் போடலை.

கன்னிமாரா நூலகத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தோட கலைக்களஞ்சியத்தைப் புரட்டியிருக்கீங்களா? பெரியசாமித் தூரன் தலைமையில் செஞ்சது. 1954-ல் முதல் தொகுதி, 1968-ல் பத்தாவது. அறிஞர்களைத் தேடிப் பிடிச்சு, கட்டுரை வாங்கி, கலைச்சொல்லே இல்லாத துறைகளுக்குச் சொல் உண்டாக்கி, அச்சுக் கோத்து... மலைப்பா இருக்கும். அதில் ஒரு தப்பு விழுந்தா, அடுத்த பதிப்பு வரணும் அதைத் திருத்த. விக்கிப்பீடியாவையும் ஆங்கிலத்தில் முதல்ல நிபுணர்களை வச்சுத்தான் யோசிச்சாங்க. நியூப்பீடியான்னு பேர், கட்டுரை ஒவ்வொண்ணும் பல கட்டச் சரிபார்ப்பு தாண்டணும். அது நத்தை மாதிரி நகர்ந்துச்சு. பக்கத்தில் சும்மா ஒரு ஏற்பாடா 2001 ஜனவரியில் ஆரம்பிச்ச விக்கிப்பீடியா அதைத் தின்னுடுச்சு. தமிழுக்கு வந்தது 2003. ஆரம்ப வருஷங்களில் முதுகெலும்பா நின்னவர் இ. மயூரநாதன், ஈழத்தவர். கட்டடக் கலைஞர், அமீரகத்தில் வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-க்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்துச்சு. 2017-ல் லட்சம் கட்டுரை தாண்டினப்ப நான் தனியா உட்கார்ந்து ஒரு பாதாம் பால் குடிச்சேன்.

ஈழத்தவர் கை அதிகம்ங்கறதால மொழியிலும் அது தெரியும். நம்ம ரயில்வே ஸ்டேஷன் அங்கே ‘தொடருந்து நிலையம்’. முதல்ல படிச்சப்ப பேருந்துக்குத் தம்பியான்னு நினைச்சேன். ராயபுரமா இராயபுரமா, ஸ போடலாமா இசு போடணுமான்னு ஆலமரத்தடியில் நடந்த வாக்குவாதங்களைத் தொகுத்தா அதுவே தனி களஞ்சியம். (ஆலமரத்தடின்னா பொது விஷயம் பேசற பக்கம். பேர் வச்சவங்க கையைக் கண்ணில் ஒத்திக்கலாம்.) கிரந்த எழுத்து விஷயத்தில் என் கட்சி வேற. ‘இசுடான்லி’ன்னு எழுதினா எங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரி எனக்கே அடையாளம் தெரியலை. சொன்னேன், எடுபடலை, விட்டுட்டேன். தோத்துட்டும் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கறதுக்கு ஒரு பக்குவம் வேணும், அது எனக்கு நாப்பது வயசில்தான் வந்துச்சு.

சண்டைன்னா எல்லாமே பேர்ச் சண்டை இல்லை. ராயபுரம் ஸ்டேஷன் திறந்த தேதியை ஒருத்தர் 1856 ஜூன் 28-ன்னு போடுவார், இன்னொருத்தர் ஜூலை 1-ன்னு மாத்துவார். ரெண்டு பேரும் புத்தகத்தைக் காட்டுவாங்க. இப்படி மாத்தி மாத்தி அழிச்சுக்கிட்டே போனா நிர்வாகி வந்து பக்கத்தைப் பூட்டிடுவார். பேச்சுப் பக்கத்தில் பொறுமையா உட்கார்ந்து பார்த்தா ரெண்டும் சரி. கவர்னர் ஹாரிஸ் பிரபு விழா வச்சுத் திறந்தது ஜூன் 28. ஜனங்க டிக்கெட் எடுத்து ஏறினது ஜூலை 1. ரெண்டு தேதியையும் எது எதுக்குன்னு சொல்லி எழுதினா தகராறு முடிஞ்சது. அந்தப் பத்தியைப் படிக்கிறவருக்கு அது இப்ப ரெண்டே வாக்கியம்.

இனிமேதான் எனக்கு உறுத்தற விஷயம். சான்று கேக்கறது நியாயம்னு கல்லு எனக்குக் கத்துக் கொடுத்துடுச்சு. ஆனா வடசென்னையைப் பத்தி அச்சில் என்ன இருக்கு? வெட்டு, குத்து, ரெய்டு, வெள்ளம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்துச்சு, அப்ப எல்லா கேமராவும் வந்துச்சு, அப்புறம் போயிடுச்சு. ஒரு ஏரியா பையன் ரௌடியாயிட்டா அவனுக்கு முப்பது செய்திச் சான்று கிடைக்கும், கட்டுரை எழுதிடலாம். அதே தெருவில் முப்பது வருஷமா கேரம் சொல்லிக் கொடுத்துப் பசங்களை மாநிலப் போட்டிக்கு அனுப்பின மாஸ்டருக்கு ஒரு சான்றும் கிடைக்காது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா பேப்பர்காரங்க வராத தெருவுக்கு அது வேற மாதிரி வேலை செய்யுது. “அப்ப விதியைத் தளர்த்துங்க”ன்னு நம்ம ஆளுங்க சில பேர் சொல்றாங்க. எனக்கு ஒப்பலை. தளர்த்தினா முதல்ல உள்ளே வர்றது மாஸ்டர் இல்லை, வட்டச் செயலாளரோட பயோடேட்டாதான். பத்து வருஷத்தில் அந்த மாதிரி எத்தனை அழிச்சிருக்கேன்! ‘மக்கள் தொண்டர்’, ‘ஏழைகளின் விடிவெள்ளி’... கூடவே அவரோட பிறந்தநாள் போஸ்டரே சான்று.

இருக்கற அச்சையே நாம தோண்டலைங்கறதுதான் என் குறை. மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கினது. பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு புத்தகங்கள் சொல்லுது. பெரம்பூர், புளியந்தோப்பு மண்ணு அது. 1949 செப்டம்பர் 18, கொட்டற மழையில் தி.மு.க.வோட முதல் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா எங்க வீட்டிலேருந்து நடக்கற தூரம். வள்ளலார் பல வருஷம் குடியிருந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில். ஸ்டான்லியை எங்க பாட்டி சாகற வரைக்கும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ன்னுதான் சொன்னா. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊத்தின சத்திரத்திலேருந்து வந்த பேர் அது. இதுக்கெல்லாம் நூலகத்தில் சான்று இருக்கு. உட்கார்ந்து எடுத்து எழுத ஆள்தான் இல்லை. ‘எங்க ஏரியாவைக் கேவலமா காட்டறாங்க’ன்னு ஸ்டேட்டஸ் போடற நேரத்தில் ஒரு பத்தி எழுதலாம். இதை நான் கோபத்தோடதான் சொல்றேன்.

ஆள் வேண்டாம், மிஷினே எழுதும்னு இப்ப சிலர் கிளம்பியிருக்காங்க. 2009-லேயே கூகுள் ஆள் வச்சு, தன்னோட மொழிபெயர்ப்புக் கருவியில் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கியில் கொண்டு வந்து கொட்டினது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீளம் நீளமான கட்டுரைகள், பல்லு உடையற தமிழ். விக்கியர்கள் எதிர்ப்புச் சொல்லி, உட்கார்ந்து பேசி, 2011-ல் அது நின்னுச்சு. இப்ப வர்ற ஏ.ஐ. தமிழ் அதைவிட வழவழன்னு இருக்கு, அதனாலேயே ஆபத்து. போன மாசம் காசிமேடு பத்தி ஒண்ணு வந்துச்சு. ‘பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும்’னு ஆரம்பிச்சது. சங்கமிக்கட்டும். ஏலம் எத்தனை மணிக்குன்னு ஒரு வரி இல்லை, ஒரு மீன் பேர் இல்லை.

மீன்னதும் ஞாபகம் வருது. கிழங்கான் கட்டுரைக்கு நான் போட்ட படத்தை மீன் டெலிவரி பண்ற ஆப் ஒண்ணு விளம்பரத்துக்கு எடுத்துக்கிச்சு. எடுக்கலாம், காசுக்கு விக்கக்கூடச் செய்யலாம், உரிமம் அப்படித்தான். படம் எடுத்தவன் பேரையும் உரிமத்தையும் மட்டும் போடணும். போடலை. மெயில் அனுப்பினேன், ஒரு கூப்பன் அனுப்பினாங்க.

அதே கட்டுரையோட பேச்சுப் பக்கத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார்: காசிமேட்டில் கிழங்கான்னு விக்கறது எல்லாம் ஒரே இனம்தானா? எனக்குத் தெரியலை. பதினைஞ்சு வருஷமா நாங்க மீன் வாங்கற அம்மாகிட்ட கேட்டேன். “அதுல இன்னா சந்தேகம் உனுக்கு? எடுத்தும்போயி வறு.” அதைச் சான்றா போட முடியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட வெளியீடுகளில் அறிவியல் பேரும் தமிழ்ப் பேரும் கிடைக்கும், ஆனா கூடையில் இருக்கறது அந்தப் படத்தில் இருக்கறதுதானான்னு யாராவது நேர்ல போய்ப் பார்க்கணும். முதுகுத் துடுப்பு, வால், பக்கவாட்டுன்னு நாலஞ்சு கோணத்தில் படம் வேணும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வச்சு.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பறேன். துடுப்பைப் பிரிச்சுப் பிடிக்கவும் டார்ச் அடிக்கவும் ஒரு ஆள் வேணும். வர்றவங்க சொல்லுங்க. டீக்கடைத் தம்பி, உன்னையும்தான்.